கழுத்தளவுக் கணக்கு

தங்கை அனுப்பிய மரத்தில்
எங்களுக்கு மேலே நாலு பெட்டி,
அதற்கும் மேலே எட்டு.
டொரொண்டோவில் மகனுக்குப் பள்ளிக்கூட வேலையாம்.
"சனிக்கிழமைக்குள் அனுப்பு அக்கா,
பூட்டன் பெயரையாவது."

பூட்டன் பெயர் எங்களுக்குத் தெரியாது.
எங்கள் வீட்டில் தோல் என்ற சொல்
மாம்பழத்துக்கு மட்டும்தான்.

களுவாஞ்சிக்குடியில் பழைய இடாப்பைத் திறந்தார்கள்.
தகப்பனின் தொழில் என்ற கட்டத்தில்
முதல் பிள்ளைக்குக் கூலி,
அடுத்ததற்குத் தோல்வேலை,
கடைசிப் பிள்ளைக்கு, வேறு மையில், கமம்.
வயல் எப்போது வந்தது என்று கேட்டேன்.
இலிகிதர் கண்ணாடியைத் துடைத்தார்.
"புள்ளையப் பதியக்குள்ள
தொழிலையும் மாத்திப் பதிவாங்க மிஸ்."
பெயரின் முன்பாதியைப் பூச்சி தின்றிருந்தது.
மிச்சம்: த்தம்பி.
கதிராமத்தம்பி, சாமித்தம்பி, சின்னத்தம்பி...
படுவான்கரையில் அந்தக் காலத்து ஆண்களில்
பாதிப்பேர் தம்பிமார்.

அம்பாறையில் இருக்கும் மாமாவைக் கேட்டேன்.
அரசன் ஏறிய யானைக்கு
அம்பாரி கட்டிய வம்சமாம் நாங்கள்,
ஊருக்கே அதனால் வந்த பெயராம்.
மாமாவுக்குச் சீனி கூடினால்
சரித்திரமும் கூடும்.

பிறகுதான் றிஸ்வியா சொன்னாள்,
என்னோடு படிப்பிக்கிறவள், ஏறாவூர்.
அவளுடைய வாப்பாவின் வாப்பா
ஆதம்பாவா முதலாளிக்குப் பதினாறு வண்டி.
செங்கலடியால் திரும்பிப் பதுளைக்கு
உப்பும் கருவாடும் ஏறிய காலம்.
கணக்குக் கொப்பி இன்னும் இருக்கிறது.
"தொண்ணூறுல ஓடக்குள்ள
வாப்பா தூக்கினது இத மட்டுந்தான்."

கொப்பி முழுக்க அரபுத்தமிழ்.
எனக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.
அவள் விரல் வைத்து வாசித்தாள்.
வலமிருந்து இடமாக வந்தார் என் பூட்டன்.

செவலை. கழுத்து நாலு சாண் ரெண்டு விரல். பட்டை புதுசு.
மயிலை. திமிலில் புண். பட்டைக்குள்ளே பஞ்சு வைக்க.
கறுவல். முரடு. நெத்தி வார் ரெட்டைத் தையல்.
செவலையின் கண்டு. கழுத்து மூணேகால் சாண், வளரும்,
மூணு ஓட்டை கூடப் போட.
குதிரை, என்ஜினியர் துரை விட்டுப்போனது.
சேணம் கிழிஞ்சது. எழுபத்தஞ்சு சதம்.

மாடுகளுக்குப் பெயர் இருந்தது.
மாட்டின் கன்றுக்கும் அதன் கன்றுக்கும் இருந்தது.
மூன்று தலைமுறை, கழுத்தளவோடு.
அவர் எல்லாப் பக்கத்திலும்
சேணக்காரன்.
"மறுகா பாப்பம்" என்று றிஸ்வியா
அடுத்த தாளைப் புரட்டினாள், அதற்கடுத்ததை.
அங்கேயும் சேணக்காரன்.

ஓரிடத்தில் மட்டும் அவள் குரல் தயங்கியது:
சேணக்காரனுக்குப் பொம்புளப்புள்ள.
இந்த மாசம் கடன் கழிக்கல்ல.

அந்தப் பிள்ளையின் மகளின் மகள் நான்.
எங்கள் வருகையைப் பற்றி
எவரோ எழுதிவைத்தது
இந்த ரெண்டு வரிதான்.
கழிக்காமல் விட்ட ரெண்டு ரூபாயை
எங்கே போய்க் கொடுப்பது?
கேட்டேன். றிஸ்வியா சிரித்துவிட்டுத்
தேத்தண்ணி வைக்கப் போனாள்.

தனியே இருந்தபோதுதான் பார்த்தேன்.
ஒவ்வொரு மாத முடிவிலும்
மற்ற வேலையாட்கள் கைநாட்டு வைத்த வரிசையில்
அவருக்கு நேரே மை இல்லை.
ஒரு துளை.
குத்தூசி துளைத்த சின்ன, வட்டமான துளை.
கறைபட்ட விரலை
முதலாளியின் தாளில் வைக்கக் கூசினாரோ,
இல்லை, ஊசியில்தான் நம்பிக்கையோ.
தாளை ஜன்னலுக்குப் பிடித்தேன்.
ஏறாவூர் வெயில் அதற்குள்ளால்
என் மணிக்கட்டில் விழுந்தது.

படம் எடுத்து அனுப்பினேன்.
"வடிவாயிருக்கு அக்கா. பெயர் என்ன?"
த்தம்பி என்று அனுப்பினேன்.
"முழுப்பெயர்?"

கல்லடிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது.
மடியில் இருந்த கைப்பையின் வார்
சித்திரை மாதத்திலிருந்து
ஊக்கில் தொங்குகிறது.
தைக்கக் கொடுக்க வேண்டும், கொடுக்க வேண்டும் என்று
ஆவணியும் வந்துவிட்டது.